சொந்தக் காரணத்தால் வேலையை விட்டவர் உரிமையையும் விட்டவரா?

தானாக வேலையை விட்டு வந்தவருக்கு ஒன்றும் கிடையாது என்ற எண்ணம் எமது கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் தையல் இயந்திரத்தின் முன் இருந்த பிள்ளை, தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்புகின்றாள். கொழும்பில் கடையொன்றில் நின்ற மகன், நீண்டகாலமாகப் பூட்டிக்கிடந்த காணி விடுபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, காடு வெட்டுவதற்காக வந்துவிடுகின்றான். சேர்ந்த பணம் எங்கே என்று கேட்டால் இருவரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நானாகத்தானே விட்டிட்டு வந்தனான், அவங்கள் ஏன் தரவேணும்?"

இந்தப் பதில் தவறானது. தவறு அவர்களுடையதல்ல. சட்டம் என்ன சொல்கின்றது என்பதை யாரும் அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பொறுத்தவரை இது சிறிய விடயமுமல்ல. வயல் கைவிட்டுப் போன பின்னர் பிள்ளைகளின் சம்பளமே பல வீடுகளில் அடுப்பை எரிய வைக்கின்றது. அந்தச் சம்பளம் நிற்கும் நாளில் குடும்பத்தின் கைக்கு என்ன வரும், என்ன வராது என்பதை அறிந்திருப்பது, எந்த மாதத்தில் விதைப்பது என்பதை அறிந்திருப்பதைப் போன்றது.

இக்கட்டுரை இரண்டு விடயங்களைச் சொல்ல முற்படுகின்றது. ஒன்று, சொந்தக் காரணத்தால் விலகியவருக்கும் இலங்கைச் சட்டத்தில் சில உரிமைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். மற்றையது, அந்த உரிமைகள் போதாதவை. நியாயமான காரணத்தோடு விலகியவரையும் காரணமின்றி விலகியவரையும் ஒரே தராசில் நிறுக்கும் நிலை மாறவேண்டும்.

எது சொந்தக் காரணம்?

"சொந்தக் காரணம்" என்ற சொல்லைக் கேட்டதும் விருப்பம் போல் நடந்துகொண்டவர் என்ற எண்ணம் தோன்றுகின்றது. எமது குடும்பங்களில் அந்தச் சொல்லின் கீழ் ஒளிந்து கிடப்பவை எவை என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

படுத்த படுக்கையான தகப்பனைப் பார்க்க வேறு ஆள் இல்லாமை ஒரு சொந்தக் காரணம். திருமணம் முடித்து வேறு மாவட்டத்துக்குப் போவது ஒரு சொந்தக் காரணம். பிள்ளைப்பேறு, பிறந்த பிள்ளையை விட்டுச் செல்ல இடமில்லாமை, இரவு வேலை முடிந்து வரும் வழியில் பாதுகாப்பில்லாமை, மேற்பார்வையாளரின் தொந்தரவை வெளியில் சொல்ல வெட்கப்படுதல் என எல்லாமே விலகல் கடிதத்தில் அதே இரண்டு சொற்களாகத்தான் எழுதப்படுகின்றன.

எமக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. அது மீளத் திரும்புதல். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் 2009 க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுபடாத காணிகளும் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் திரும்புவதா, இருப்பதா என்ற கேள்வியோடு பல வருடங்களைக் கழித்தன. காணி விடுபடும்போது அதைத் துப்புரவாக்க வேண்டும், எல்லை காணவேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், கொட்டிலாவது போடவேண்டும். ஒரு கிழமை லீவில் முடியும் வேலை இதுவல்ல. ஆகவே உழைக்கும் ஒருவர் வேலையை விட்டுத்தான் வரவேண்டியுள்ளது. சட்டத்தின் கண்ணில் அவரும் "தானாக விலகியவர்". முப்பது வருடம் காத்திருந்த காணிக்குத் திரும்புவதைத் தன்னிச்சையான செயல் என்று சொல்லலாமா?

வேலையிழந்தோர் கொடுப்பனவு எமது நாட்டில் உண்டா?

நேரடியாகச் சொல்வதானால், இல்லை. வேலையிழந்த ஒருவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை வழங்கும் சட்டபூர்வமான காப்புறுதித் திட்டம் இலங்கையில் கிடையாது. விலக்கப்பட்டவருக்கும் இல்லை, விலகியவருக்கும் இல்லை. 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு குடும்பத்தின் வறுமை நிலையை அளந்து வழங்கப்படுவது. வேலை போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அது கிடைக்காது.

ஆகவே எமது நாட்டில் வேலையை விட்டவரின் பாதுகாப்பு என்பது, வேலை செய்த காலத்தில் அவர் பெயரில் சேர்ந்த பணமும் சேவைக்காலத்துக்கான பணமுமே. இவை பற்றித்தான் முதலில் தெளிவு வேண்டும்.

விலகினாலும் கைவிட்டுப் போகாதவை

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஈ.பி.எஃப். என்று சொல்லப்படுவது இதுவே. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து குறைந்தது நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோரின் பணத்திலிருந்து குறைந்தது 12 வீதமும் மாதந்தோறும் செலுத்தப்பட வேண்டும். 40,000 ரூபா சம்பளம் பெறுபவரின் பெயரில் மாதம் 8,000 ரூபா, வருடத்துக்கு 96,000 ரூபா சேரவேண்டும். வட்டி அதற்கு மேலதிகம். ஒருவர் எந்தக் காரணத்தால் விலகினாலும் இந்தப் பணம் முதலாளிக்குத் திரும்பிப் போவதில்லை. அது அவருடைய பெயரிலேயே இருக்கும்.

ஆனால் விலகிய உடனேயே அதை எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் நிறைவடைய வேண்டும். அதற்கு முன்னர் எடுப்பதற்குச் சில காரணங்களே ஏற்கப்படுகின்றன. திருமணத்தின் காரணமாக வேலையிலிருந்து விலகும் பெண், நிரந்தரமாக உழைக்க முடியாதபடி அங்கவீனமுற்றவர், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்பவர், ஓய்வூதியமுள்ள அரச பதவிக்குச் செல்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். 2012 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, 10 வருடம் பங்களிப்புச் செய்து கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவத் தேவைக்கோ நூற்றுக்கு 30 வீதம் வரை எடுக்கலாம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணின் சொந்தக் காரணத்தைச் சட்டம் ஏற்கின்றது. அதே பெண் நோயாளியான தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்டால் ஏற்கவில்லை. தகப்பனைப் பார்க்க வரும் ஆணின் காரணத்தையும் ஏற்கவில்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் பெண் என்றால் திருமணத்தோடு வேலையை விடுபவள் என்றே கருதப்பட்டிருக்கின்றது. இன்று குடும்பத்தைச் சுமக்கும் எத்தனை பெண்கள் எமது கிராமங்களில் உள்ளார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதாவது ஈ.டி.எஃப். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தினால் இது ஏற்படுத்தப்பட்டது. இதற்குத் தொழிலாளி ஒரு சதமும் கொடுப்பதில்லை. முதலாளி சம்பளத்தின் 3 வீதத்துக்குச் சமமான தொகையைச் செலுத்த வேண்டும். 40,000 ரூபாச் சம்பளத்துக்கு இது வருடத்தில் 14,400 ரூபாவாகும். எமக்கு முக்கியமானது என்னவென்றால், வேலையிலிருந்து நின்றவர் வயது வேறுபாடின்றி இப்பணத்தைக் கோரலாம். ஏற்கனவே ஒருமுறை எடுத்திருந்தால் மட்டும் 5 வருட இடைவெளி வேண்டும். சொந்தக் காரணத்தால் விலகி வரும் ஒருவர் முதலில் கேட்கவேண்டியது இப்பணத்தையே.

மூன்றாவது, பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதைப் பற்றியது. விலகுவதற்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலாவது 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்த இடமாக இருக்கவேண்டும். தொழிலாளி அங்கே 5 வருட சேவையை நிறைவு செய்திருக்க வேண்டும். அவ்வாறாயின் மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு நிறைவு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளமும், மற்றவர்களுக்கு 14 நாட் சம்பளமும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி கிடைக்கவேண்டும். ஏழு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்து 40,000 ரூபா பெற்றவருக்கு 20,000 ஐ ஏழால் பெருக்கி 140,000 ரூபா வரும்.

பலருக்குத் தெரியாத உண்மை இதுதான்: பணிக்கொடை பெறுவதற்கு முதலாளிதான் வேலையிலிருந்து நிறுத்தியிருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. தொழிலாளி தானாக விலகினாலும் அது உரியது. விலகி 30 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் முதலாளி மேலதிகத் தொகை செலுத்த நேரிடும். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தல், பொருட்களுக்கு இழப்பு ஏற்படுத்தல் போன்ற காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டவரின் பணிக்கொடையை மட்டுமே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கே, பிடித்து வைக்கலாம். "சொல்லாமல் போய்விட்டாய், ஆகவே இல்லை" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஐந்து வருடம் என்பது கடுமையான கோடு. நான்கு வருடமும் பத்து மாதமும் வேலை செய்தவருக்கு இச்சட்டத்தின் கீழ் ஒன்றுமில்லை. ஆகவே விலக நினைப்பவர் தமது நியமனக் கடிதத்தின் திகதியை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மாதம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம் கிடைக்கும் என்ற நிலையில் அவசரப்பட்டுக் கடிதம் கொடுப்பது, கதிர் முற்றும் நேரத்தில் வயலை விட்டு வருவதைப் போன்றது.

பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விடும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2018 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் எத்தனையாவது பிள்ளை என்ற பேதமின்றி 84 நாள் விடுமுறை உண்டு. வேலையை விடுவதானாலும் முதலில் அந்த விடுமுறையையும் அதற்குரிய கொடுப்பனவையும் பெற்ற பின்னர் தீர்மானிப்பதே புத்தி.

நாட்கூலிக்குப் போகும் எமது ஆண்கள் இவையெல்லாம் நிரந்தர வேலையாட்களுக்கே என்று எண்ணுகின்றார்கள். அதுவும் சரியல்ல. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் சேமலாப நிதி செலுத்தவேண்டும் என்பதே சட்டம். தற்காலிக வேலையாளும் துண்டு வேலை செய்பவரும் அதில் அடங்குவர். கட்டட வேலைக்கும் அரிசி ஆலைக்கும் போகும் பலருக்கு அது செலுத்தப்படுவதில்லை என்பது வேறு கதை. செலுத்தப்படவில்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகிவிடாது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

வன்னியில் வாழும் மலையக வழித்தோன்றல்களான குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு உயிர் தப்பி வந்தவர்கள் யாரிடமும் கணக்கு முடித்துக்கொண்டு வரவில்லை. அவர்களில் பலர் அதற்கு முன்னர் பல வருடங்கள் சேமலாப நிதிக்குப் பங்களித்தவர்கள். பெற்றோர் இறந்திருந்தால் பிள்ளைகள் வாரிசுகளாக விண்ணப்பிக்க வழியுண்டு. வீட்டில் பழைய தோட்டத்துத் துண்டு ஏதாவது இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள்.

ஒரு கையெழுத்தின் விலை

இதுவரை சொன்னது உண்மையாகவே தானாக விலகியவர்களைப் பற்றியது. விலக விருப்பமில்லாதவரையும் "சொந்தக் காரணம்" என்று எழுத வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இதைப் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும்.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. 15 பேருக்குக் குறையாதவர்கள் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால், முதலாளிக்கு இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. அனுமதி வழங்கப்படும்போது நட்டஈடும் நிர்ணயிக்கப்படும். வர்த்தமானியில் வெளியிடப்பட்ட கணக்கின்படி முதல் 5 வருட சேவையில் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம் உண்டு. உச்ச வரம்பு 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு வருடம் வேலை செய்து 40,000 ரூபா பெற்ற ஒரு பிள்ளையைத் தொழிற்சாலை அனுமதி பெற்று நிறுத்தினால், பத்து மாதச் சம்பளமாக 4 இலட்சம் ரூபா கொடுக்கவேண்டி வரும். அதே பிள்ளை, "சொந்தக் காரணங்களுக்காக விலகுகின்றேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் அந்த நட்டஈடு ஒரு சதமும் இல்லை. ஐந்து வருடம் முடியாததால் பணிக்கொடையும் இல்லை. ஒரு வசனத்தின் விலை 4 இலட்சம் ரூபா!

வேலை குறைந்துவிட்டது, பிரிவை மூடப்போகின்றோம், நீங்களாகக் கடிதம் தந்தால் சேவைச் சான்றிதழ் நல்லபடி தருவோம் என்று சொல்லி, தமிழ் அல்லாத மொழியில் அடிக்கப்பட்ட தாளை நீட்டும்போது, ஊரை விட்டு வந்து தனியே நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? கையெழுத்து வைத்துவிடும். எமது பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கவேண்டிய முதற் பாடம் இதுதான்: வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம். வைக்கும்படி வற்புறுத்தினால் ஒரு நாள் அவகாசம் கேட்கவேண்டும்.

வற்புறுத்திப் பெற்ற விலகலை உண்மையான விலகலாக ஏற்கத் தேவையில்லை என்பது தொழில் நியாயமன்றங்களில் ஏற்கப்பட்ட நிலைப்பாடு. சூழ்நிலையை ஆராய்ந்து, அது விலகல் அல்ல, வேலை நீக்கமே என்று தீர்மானிக்க அவற்றுக்கு இயலும். ஆனால் வேலை முடிவடைந்த 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 1971 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வதற்கும் காலம் 6 மாதமே. ஊருக்கு வந்து, நெல் வெட்டி, பிறகு பார்ப்போம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

பிற நாடுகளில் என்ன வழக்கம்?

எமது உறவினர்கள் பலர் வாழும் நாடுகளில் வேலையிழந்தோர் கொடுப்பனவு உண்டு. அங்கிருந்து தொலைபேசியில் பேசுபவர்கள், "நானாக விட்டதால் கிடைக்கவில்லை" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை.

சர்வதேசத் தொழில் அமைப்பின் 1952 ஆம் ஆண்டின் 102 ஆம் இலக்க உடன்படிக்கை, "தக்க காரணமின்றி" தானாக வேலையை விட்டவரின் கொடுப்பனவை நிறுத்திவைக்கலாம் என்று கூறுகின்றது. முக்கியமானவை அந்த இரண்டு சொற்களே. தக்க காரணத்தோடு விட்டவரைத் தண்டிக்கவேண்டும் என்று அது கூறவில்லை.

சுவிற்சர்லாந்தில், வேறு வேலை நிச்சயமாகாத நிலையில் பொருத்தமான வேலையைக் காரணமின்றி விட்டவருக்கு 31 முதல் 60 நாட்கள் வரையிலான கொடுப்பனவு வெட்டப்படலாம். அதற்குப் பின்னர் கிடைக்கும். ஜெர்மனியில் முக்கிய காரணமின்றி விலகியவருக்கு வழமையாக 12 வாரத் தடை விதிக்கப்படுகின்றது. கனடாவில் சட்டம் இன்னும் கடுமையானது. 1993 ஆம் ஆண்டின் மாற்றத்திலிருந்து, தக்க காரணமின்றி விலகியவருக்குக் கொடுப்பனவு முற்றாக மறுக்கப்படுகின்றது.

ஆயினும் அந்தக் கடுமையான கனடாச் சட்டமே தக்க காரணங்கள் எவை என்று ஒரு பட்டியலையும் தந்திருக்கின்றது. வாழ்க்கைத் துணையோடு அல்லது தங்கிவாழும் பிள்ளையோடு வேறு இடத்துக்குச் செல்லவேண்டிய கடமை அதில் உண்டு. பிள்ளையை அல்லது நெருங்கிய குடும்பத்தவரைப் பராமரிக்கும் கடமை உண்டு. உடல்நலத்துக்கு ஆபத்தான வேலைச்சூழல், பாலியல் தொந்தரவு, பாரபட்சம், சம்பளத்தில் பெரும் மாற்றம், மேலதிக நேரத்துக்குக் காசு தராமை, வேலையை விடும்படி முதலாளி தரும் வேண்டாத நெருக்குதல் ஆகியனவும் உண்டு. கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்குமிடத்து, வேலையை விடுவதைத் தவிர அவருக்கு நியாயமான வேறு வழி இருந்ததா? லீவு கேட்டாரா, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டாரா, முறைப்பாடு செய்தாரா என்றெல்லாம் விசாரிப்பார்கள். வேறு வழி இருக்கவில்லை என்று காட்டினால் கொடுப்பனவுக்கு உரித்துடையவராவார்.

அதாவது, "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொற்களோடு அங்கே விசாரணை முடிவதில்லை. அங்கேதான் தொடங்குகின்றது. எமது நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே யாருமில்லை.

நாம் கேட்கவேண்டியது

இலங்கையிலும் பங்களிப்பு அடிப்படையிலான வேலையிழப்புக் காப்புறுதி ஒன்று வேண்டும். இது பற்றிய பேச்சு இடையிடையே எழுந்து அடங்குகின்றது. அப்படியொரு திட்டம் வரும்போது அதன் விதிகளை எழுதுபவர்கள் நகரத்து அலுவலகங்களில் இருந்து எழுதுவார்கள். தானாக விலகியவருக்கு இல்லை என்று ஒரு வரியில் எழுதி முடித்தால், முதலில் வெளியே நிற்கப்போவது எமது பிள்ளைகளே. ஆகவே தக்க காரணங்களின் பட்டியல் இப்போதே பேசப்படவேண்டும். குடும்பத்தவரைப் பராமரித்தல், திருமணத்தால் ஆணோ பெண்ணோ இடம் மாறுதல், தொந்தரவும் ஆபத்தும், போரினாலோ வெள்ளத்தினாலோ மண்சரிவினாலோ இடம்பெயர்தல் ஆகியவற்றோடு, விடுவிக்கப்பட்ட சொந்தக் காணிக்குத் திரும்புதலும் அதில் இடம்பெற வேண்டும்.

"விட்டவனுக்கும் காசு கொடுத்தால் எல்லாரும் விட்டுவிடுவார்களே" என்று ஒரு வாதம் உண்டு. இது அலட்சியம் செய்யக்கூடிய வாதமல்ல. மற்றவர்களின் பணத்தில் அமைந்த ஒரு நிதியத்தைக் காரணமின்றி எடுப்பதை யாரும் ஏற்கமுடியாது. ஆனால் அதற்கு மருந்து எல்லாரையும் தள்ளிவிடுவதல்ல. குறைந்தபட்சப் பங்களிப்புக் காலம், சில வாரக் காத்திருப்பு, வைத்தியரின் கடிதம், கிராம அலுவலரின் உறுதி, காணி விடுவிப்புக்கான பிரதேச செயலகத்தின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு உண்மையைப் பொய்யிலிருந்து பிரிக்கலாம். நிவாரண அட்டைக்காக எத்தனை கடிதங்களைச் சுமந்து திரிந்தவர்கள் நாங்கள்! காரணத்தை நிரூபிக்கும்படி கேட்டால் அதற்கு எமது மக்கள் பயப்படமாட்டார்கள்.

"சேமலாப நிதி இருக்கின்றதே, அதை விட்டுக் கொடுத்தால் போதாதா?" என்பது இன்னொரு வாதம். அது முதுமைக்கான பணம். முப்பது வயதில் அதை எடுத்துச் செலவழித்தவர் அறுபது வயதில் யாருடைய கையை எதிர்பார்ப்பார்? ஆகவே சேமலாப நிதியைத் திறந்துவிடுவது நிரந்தரத் தீர்வாகாது. ஆயினும் ஒரு திட்டம் வரும்வரை, 2012 ஆம் ஆண்டின் திருத்தத்தில் உள்ள 30 வீத வசதியை மீளக் குடியேறும் குடும்பங்களுக்குச் சற்றுத் தளர்த்தலாம். 10 வருடப் பங்களிப்பையும் 3 இலட்சம் இருப்பையும் இளம் தொழிலாளர்கள் பலரால் எட்ட முடியாது. வீட்டுத் தேவை என்பதோடு காணி துப்புரவாக்கலையும் கிணறு திருத்துவதையும் சேர்த்துக்கொள்வது பெரிய சீர்திருத்தமல்ல.

மூன்றாவது கோரிக்கைக்குச் செலவே இல்லை. விலகல் கடிதங்கள் தொழிலாளியின் மொழியில் இருக்கவேண்டும். ஒரே காலத்தில் ஒரே இடத்தில் பலர் "சொந்தக் காரணத்துக்காக" விலகுவதாகக் காணப்பட்டால், தொழில் அலுவலர் ஒருவர் அவர்களைத் தனித்தனியே சந்தித்து விசாரிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் சேமலாப நிதி இலக்கத்தையும் வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை ஒரு பிளாஸ்ரிக் உறையில் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். இடம்பெயர்வின்போது எதை எடுப்பது என்று தடுமாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் தொழிலிடப் பதிவில் உள்ள பெயரும் ஒரே மாதிரி எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து வித்தியாசம் பல மாத அலைச்சலைத் தரும்.

விலக நேர்ந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். "தாயின் நோய் காரணமாக, லீவு கேட்டும் கிடைக்காமையால்" என்று எழுதுவதற்கும் "சொந்தக் காரணம்" என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது ஒரு சாட்சியம். மற்றையது ஒரு வெற்றுத் தாள்.

கமக்காரர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் வருடத்தில் ஒருமுறையாவது தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலர் ஒருவரைக் கிராமத்துக்கு அழைத்து இவற்றை விளக்கச் செய்யலாம். உரத்துக்கும் விதைநெல்லுக்கும் கூட்டம் கூடும் நாம், பிள்ளைகளின் உழைப்புக்காக ஒரு பின்னேரம் கூடமுடியாதா?

கமக்காரனுக்கு விலகல் கடிதம் என்று ஒன்று இல்லை. போர் வந்தபோது நாங்கள் வயலை விட்டு வந்தோம். யாரும் அதைச் சொந்தக் காரணம் என்று சொல்லவில்லை. கட்டாயம் என்றே சொன்னார்கள். அந்தக் கட்டாயத்தின் தொடர்ச்சியாகவே எமது பிள்ளைகள் வயலை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். வீட்டுக்கும் காணிக்கும் அவர்கள் திரும்பி வரும் நாளில், உழைத்துச் சேர்த்த பணத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நீதியாகாது. சட்டம் தருவதை முழுமையாகக் கேட்டுப் பெறுவோம். தராததைத் தரும்படி ஒன்றாக நின்று கேட்போம்.